கியோட்டோவும் நாராவும்



ஜப்பானுக்குச் செல்பவர்களிற் பலர் முதலில் இறங்கும் ஊர் டோக்கியோ. வானளாவிய கட்டடங்கள், நிலத்தடி இரயில்கள், இரவைப் பகலாக்கும் விளக்குகள் எல்லாம் அங்கே உண்டு. அவற்றைக் காண விரும்புவோர் கண்டு மகிழட்டும். ஆனால், ஜப்பானியப் பண்பாட்டை அறியும் ஆவலோடு செல்பவர் டோக்கியோவில் இரண்டு நாள் தங்கினாற் போதும். மூன்றாம் நாள் காலையில் மேற்கு நோக்கிச் செல்லும் ஷின்கான்சென் விரைவு இரயிலில் ஏறிவிடவேண்டும் என்பது என் கருத்து. 1964ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் ஓடத் தொடங்கிய இரயில் அது. இரண்டே கால் மணி நேரத்தில் நம்மைக் கியோட்டோவில் கொண்டு சேர்க்கும். வானம் தெளிந்திருந்தால், வழியில் வலப்பக்கத்துச் சாளரத்தின் வழியே ஃபூஜி மலையைக் காணலாம்.

கியோட்டோவும், அதற்குத் தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள நாராவும் ஜப்பானின் பழைய தலைநகரங்கள். 710 முதல் 784 வரை நாரா தலைநகராக விளங்கியது. 794இல் கம்மு என்னும் பேரரசர் கியோட்டோவைத் தலைநகராக்கினார். அன்று அதற்கு ஹெயான்கியோ என்று பெயர். அமைதியின் தலைநகரம் என்பது பொருள். இரண்டு நகரங்களும் சீனத்துச் சாங்கான் நகரை மாதிரியாகக் கொண்டு, சதுரங்கப் பலகையைப்போல் வகுக்கப்பட்டவை. 1869இல் பேரரசர் டோக்கியோவிற்குக் குடிபெயரும்வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கியோட்டோ அரசிருக்கையாக இருந்தது. 1945இல் அணுகுண்டு வீசுவதற்காக அமெரிக்கர் தேர்ந்தெடுத்த ஊர்களின் பட்டியலில் கியோட்டோவும் இருந்தது. அமெரிக்கப் போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் பிடிவாதமாக நின்று அப்பெயரை நீக்கச் செய்தார்.

குண்டிலிருந்து தப்பிய நகரம் தீயிலிருந்து தப்பவில்லை. 1467இல் தொடங்கிப் பத்து ஆண்டு நடந்த ஓனின் போரில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1788இல் மீண்டும் ஒரு பெருந்தீ. கல்லால் கட்டியவை நெடுங்காலம் நிற்பதில் வியப்பில்லை. மரம், களிமண், காகிதம், வைக்கோற்பாய் ஆகியவற்றால் கட்டியவை எப்படி நிற்கின்றன? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்விரு நகரங்களையும் சுற்றுங்கள் என்பதுதான் நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது. அக்கேள்வி இல்லாமற் சென்றால், பத்துக் கோயில்களைப் பார்த்தபின் பதினோராவது கோயில் கண்ணில் படாது.

காலவரிசையில் முதலில் நிற்பது ஹோர்யூஜி கோயில். அது நாராவிற்குத் தென்மேற்கே இகாருகா என்னும் சிற்றூரில் இருக்கிறது. 607இல் தோன்றி, 670இல் எரிந்து, சில பத்தாண்டுகளுக்குள் மீண்டும் எழுந்த கோயில் அது. உலகில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களுள் மிகப் பழமையானவை இங்கேதான் உள்ளன. பொன்மண்டபம் என்று பெயர் கொண்ட அதன் நடுமண்டபத்துச் சுவர்களில் நம் அஜந்தாவை நினைவூட்டும் ஓவியங்கள் இருந்தன. இருந்தன என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1949ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள் விடியற்காலையில் அம்மண்டபம் தீப்பற்றியது. அப்போது ஓவியர்கள் அச்சுவரோவியங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்த காலம். மூலம் அழிந்தாலும் படியாவது மிஞ்சவேண்டும் என்பதற்காக மேற்கொண்ட பணி! சுவர்கள் கருகின, வண்ணங்கள் மறைந்தன. கோயில் முழுவதையும் பிரித்துப் பழுதுபார்க்கும் பெரும்பணி 1934 முதல் நடந்துவந்ததால், மண்டபத்தின் மேல்தளத்து மரங்கள் முன்பே கழற்றி எடுக்கப்பட்டிருந்தன. அவை பிழைத்தன. அந்தப் பெரும்பணி 1985இல்தான் முடிந்தது.

நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே, 1950இல், பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் ஜனவரி 26ஆம் நாள் ஜப்பானெங்கும் பழங்கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடைபெறுகிறது. குழாய்களிலிருந்து பீறிடும் நீர் கூரைமேல் வில்லாக வளைந்து விழும் காட்சியைக் காண மக்கள் கூடுகிறார்கள். பள்ளிக்கூடங்களில் தீயணைப்புப் பயிற்சி என்றால் வேடிக்கையாக எண்ணும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு புதுமை உண்டு. கட்டடமும் சிலையும் மட்டும் செல்வம் அல்ல, கையிலுள்ள திறமையும் செல்வமே என்று அது ஏற்றுக்கொண்டது. மட்கலம் வனைபவர், வாள் வடிப்பவர், துணிக்குச் சாயம் ஏற்றுபவர், பொம்மை ஆட்டுபவர் ஆகியோருள் தலைசிறந்தவர்களை அரசு அறிவிக்கத் தொடங்கியது 1955இல். மக்கள் அவர்களை ‘வாழும் தேசியச் செல்வங்கள்’ என்று அழைக்கிறார்கள்.

இனிக் கியோட்டோவிற்கு வருவோம். வருபவர் எல்லாரும் முதலில் ஓடுவது கின்காக்குஜி என்னும் பொன்மாளிகைக்கு. 1397இல் அஷிகாகா யோஷிமிட்சு என்னும் படைத்தலைவர் தமக்கென அமைத்த மாளிகை அது. அவர் மறைந்தபின் கோயிலாயிற்று. மேலிரண்டு தளங்களும் பொற்றகடு வேய்ந்தவை. குளத்தில் அதன் நிழல் விழும். நிழலைப் படம் பிடிப்பவர்களின் கூட்டமும் கரையில் விழும். அம்மாளிகையை 1950இல் அக்கோயிலின் இளந்துறவி ஒருவரே தீயிட்டு எரித்துவிட்டார். இன்று நாம் காண்பது 1955இல் கட்டி முடித்தது. ‘அப்படியானால் இது பழைய பொருள் அல்லவே!’ என்று சில பயணிகள் முகம் சுளிப்பதுண்டு. கியோட்டோவிற்குத் தென்கிழக்கே உள்ள இசே என்னும் திருத்தலத்தை அவர்களுக்கு நினைவூட்டவேண்டும். ஷிண்டோ சமயத்தின் தலைமைக் கோயில் அது. அதனை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690இல் தொடங்கிய வழக்கம். போர்க்காலங்களில் இடையறவு பட்டதுண்டு. 62ஆம் முறை 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல். 20 ஆண்டு என்பது ஒரு தச்சர் தம் மாணாக்கருக்குத் தொழிலைக் கற்பிக்கப் போதிய காலம் அன்றோ? அக்கோயிலின் மரம் புதியது. கட்டும் முறை ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை உடையது.

கியோமிசுதேரா என்னும் கோயிலில் இதனைக் கண்ணாரக் காணலாம். நகரின் கிழக்கு மலைச்சரிவில், 13 மீட்டர் உயரத் தூண்களின்மேல், வெட்டவெளியில் நீட்டிக்கொண்டு நிற்கிறது அதன் மரமேடை. இன்றுள்ள கட்டடம் 1633இல் எழுந்தது. மேடையின் கால்களை நன்றாகப் பாருங்கள். தூணைத் துளைத்துக் குறுக்குமரம் செருகி, ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள், இரும்பாணி இல்லை. மேடையில் நின்று நகரைப் பார்ப்பவர்கள் ஆயிரம் பேர் என்றால், கீழே இறங்கித் தூண்களைப் பார்ப்பவர்கள் பத்துப் பேர்தான். அப்பத்துப் பேரில் நீங்கள் ஒருவராக இருங்கள். அதன் கூரை ஹினோக்கி என்னும் மரத்தின் பட்டையால் வேய்ந்தது. உயிருள்ள மரத்திலிருந்து, அதற்குக் கேடு வராமல், மேற்பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள்; பட்டை மீண்டும் வளரச் சில ஆண்டுகள் காத்திருந்து மறுபடி உரிக்கிறார்கள். கூரை வேய்பவர் மூங்கில் ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாவால் தள்ளி எடுத்து அறைவது அத்தொழிலின் மரபு. ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின் இக்கூரை 2020இல் புதிதாக வேயப்பட்டது.

தெற்கே ஃபுஷிமி இனாரி என்னும் கோயில். நெல்லுக்கும் வாணிபத்திற்கும் உரிய தெய்வம். மலையேறும் பாதை முழுவதும் செந்நிற மர வாயில்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. வணிகர்கள் காணிக்கையாக நிறுத்தியவை. பின்புறம் பெயர் பொறித்திருக்கும். மரம் இற்றுப்போனதும் புதியது நடுவார்கள். அடிவாரத்துக் கூட்டத்தைக் கண்டு அஞ்சாமல் அரைமணி நேரம் ஏறுங்கள். மேலே காடும் அமைதியுமே இருக்கும்.

தோட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தோட்டம் என்றால் பூவும் காயும் நம் நினைவிற்கு வரும். ரியோவாஞ்சி கோயிலின் தோட்டத்தில் பூவும் இல்லை, காயும் இல்லை, நீரும் இல்லை. தாழ்ந்த மண்சுவர் சூழ்ந்த ஒரு நீள்சதுர முற்றம். அதில் வெண்சரளைக் கற்கள். அவற்றினிடையே ஐந்து குழுக்களாக 15 பாறைகள். பாறைகளின் அடியில் கொஞ்சம் பாசி. அவ்வளவுதான். முன்னுள்ள திண்ணையில் எங்கே அமர்ந்தாலும் ஒரு பாறையேனும் மற்றொன்றின் பின்னே மறைந்துவிடும். பதினைந்தையும் ஒருசேரக் காண இயலாது. சரளைமேல் அலையலையாகத் தெரியும் கோடுகள், துறவிகள் வாரியால் இழுத்தவை. மழையும் காற்றும் கலைத்துவிடும், மீண்டும் இழுக்கவேண்டும். இதற்குப் பொருள் என்ன என்று கேட்பவர்களுக்குத் தீவுகள் என்பார் சிலர். குட்டிகளோடு ஆற்றைக் கடக்கும் புலி என்பார் வேறு சிலர். விளக்கவுரைகளைப் படிக்குமுன் கால்மணி நேரம் சும்மா அமர்ந்திருங்கள்.

நகரின் மேற்கில் சாய்ஹோஜி என்னும் கோயில் உண்டு. பாசிக் கோயில் என்றே உலகம் அதனை அழைக்கிறது. 1339இல் மூசோ சோசெக்கி என்னும் ஜென் துறவி அதனைப் புதுக்கி அமைத்தார். அவர் பாசியை வளர்க்கவில்லை. பிற்காலத்தில் கோயில் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது மரநிழலிலும் ஈரத்திலும் பாசி தானாகப் படர்ந்தது. இன்று 120 வகைப் பாசிகள் அங்குள்ளன என்கிறார்கள். புகழ் பரவவே கூட்டம் பெருகிற்று, பாசி நலிந்தது. 1977இல் கோயிலார் ஒரு முடிவுக்கு வந்தனர். முன்கூட்டி அஞ்சலட்டை எழுதி இசைவு பெற்றவர் மட்டுமே உள்ளே வரலாம். இப்போது கணினி வழியாகவும் விண்ணப்பிக்கலாம். வந்தவர் உடனே தோட்டத்திற்குள் நுழைய முடியாது. முதலில் மண்டபத்தில் அமர்ந்து, தூரிகையும் மையும் கொண்டு பௌத்த சூத்திரத்தைப் பார்த்தெழுதவேண்டும். எழுத்தறியாத அயல்நாட்டவரும் எழுதவேண்டியதே. எழுதி முடிப்பதற்குள் மூச்சு அடங்கிவிடுகிறது. அதன் பின்னர்த் தோட்டத்தில் நடப்பவர் நடை வேறு. வருகிறவர்களின் வேகத்தைக் குறைக்க இதைவிட மென்மையான வழி உண்டோ, நான் அறியேன். கட்டணம் சற்று மிகுதி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு; எனக்கு அது மிகுதியாகத் தோன்றவில்லை.

தேநீர்ச் சடங்கும் இத்தகையதே. 1191இல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்னும் துறவி தேயிலைத் தூளைக் கரைத்துப் பருகும் வழக்கத்தை ஜப்பானிற் பரப்பினார். கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஊஜி தேயிலைக்குப் பெயர் போன ஊராயிற்று. பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் செடிகளுக்கு நிழற்பந்தல் இட்டு, பறித்த இலையை ஆவியில் வாட்டி உலர்த்தி, கல் எந்திரத்தில் மெல்ல அரைத்தெடுக்கும் பசுந்தூளே மட்சா. இதனை ஒரு கலையாக வகுத்தவர் சென் நோ ரிக்யூ என்பவர். 1522 முதல் 1591 வரை வாழ்ந்தவர். நாட்டை ஆண்ட ஹிதேயோஷி பொற்றகடு வேய்ந்த தேநீர் அறை செய்துவைத்திருந்தார். ரிக்யூவோ இரண்டு பாய் அளவே உள்ள மண்சுவர் அறையைப் போதுமென்றார். அறைக்குள் நுழையும் வாயில் சதுரமாய் இரண்டடிக்குச் சற்று மேற்பட்டது, தவழ்ந்துதான் நுழையவேண்டும். வாளோடு நுழைய முடியாது. அதனை வெளியே வைத்துவிடவேண்டும். படைத்தலைவரும் வணிகரும் உள்ளே சமம். இறுதியில் அந்த ஹிதேயோஷியே ரிக்யூவைத் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளும்படி ஆணையிட்டார். அவர் வழிவந்த மூன்று தேநீர்ப் பள்ளிகள் இன்றும் கியோட்டோவில் நடைபெறுகின்றன.

பயணிகளுக்கெனச் சுருக்கமாக நடத்திக் காட்டும் இடங்கள் நகரில் உள்ளன. முதலில் இனிப்பு, அதனைத் தின்று முடித்தபின் தேநீர். கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, அதன் அழகிய முகப்பில் வாய் படாதபடி சற்றே திருப்பிப் பருகவேண்டும். கசக்கும். பருகியபின் கிண்ணத்தை உற்றுப்பார்ப்பது நாகரிகக் குறைவன்று. பார்க்காமல் வைப்பதுதான் குறை.

உணவைப் பற்றிக் கேட்க நீங்கள் காத்திருப்பீர்கள். ஜப்பானியரின் மரபுவழி உணவு முறையை 2013இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அதன் உயிர் தாஷி என்னும் சாறு. வடகடலில் விளையும் கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்தும், சூரை மீனை அவித்துப் புகையூட்டி மரக்கட்டைபோல் உலர்த்திச் சீவிய சீவலைச் சேர்த்தும் அச்சாற்றை எடுக்கிறார்கள். கொம்பு என்றதும் மாட்டுக் கொம்பென்று அஞ்சவேண்டா. ஒலி ஒன்றாய் அமைந்தது தற்செயல். சீவல் எப்படியிருக்கும் என்றால், நம் கடற்கரையூர்களில் மாசி என்று விற்கும் கருவாட்டை எண்ணிக்கொள்ளுங்கள். கியோட்டோவிற் பிறந்த இகேடா கிக்குனாயே என்னும் வேதியியல் பேராசிரியர் 1908இல் இக்கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்னும் நான்கிலும் அடங்காத ஒரு சுவை இதில் உண்டென்று கண்டு, அதற்கு உமாமி என்று பெயரிட்டார்.

புலால் உண்ணாதவர்கள் இங்கே விழிப்பாக இருக்கவேண்டும். வெறும் காய்கறிக் கூட்டு என்று தோன்றும் பண்டத்திலும் மீன் சாறு கலந்திருக்கும். ‘மீன் வேண்டா’ என்றால் மீன் துண்டை எடுத்துவிட்டுச் சாற்றை வைத்துவிடுவார்கள். அவர்கள் மனத்தில் சாறு மீன் அன்று. ஆகவே, ‘மீன் சாறும் வேண்டா’ என்று தெளிவாகச் சொல்லவேண்டும். ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

அவர்களுக்கு மற்றொரு நல்ல வழியும் உண்டு. பௌத்தத் துறவிகளின் உணவு ஷோஜின் ரியோரி எனப்படும். இறைச்சி, மீன் மட்டுமின்றி, பூண்டும் வெங்காயமும் அதில் விலக்கு. கடற்பாசியும் உலர்ந்த காளானுமே சாற்றுக்கு ஆதாரம். கியோட்டோவின் மேற்கே ஆராஷியாமாவில், தென்ரியூஜி கோயிலின் எல்லைக்குள்ளேயே ஷிகெட்சு என்னும் உணவகத்தில் இவ்வுணவு கிடைக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு செல்வது நன்று. செவ்வண்ண அரக்குத் தட்டில் சிறுசிறு கிண்ணங்கள். எள்ளை அரைத்துச் செய்த மென்கட்டி. சோயாமொச்சைப் பாலைத் திரித்தெடுக்கும் டோஃபு. அப்பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையாகிய யூபா. அந்தந்தப் பருவத்துக் காய். காரம் தேடுபவர் ஏமாறுவார்.

சமையலைத் துறவின் ஒரு பகுதியாகவே கருதியவர் டோகென் என்னும் ஜென் ஆசான். சமைப்பவர்க்கெனத் தனியே ஒரு நூலே 1237இல் எழுதினார். இளமையில் அவர் சீனா சென்று கப்பலில் தங்கியிருந்தபோது, கோயில் சமையற்காரராகிய முதிய துறவி ஒருவர் பொருள் வாங்க வந்தார். ‘இந்த வயதில் தியானமும் படிப்பும் இருக்க, அடுப்படி வேலை எதற்கு?’ என்று டோகென் கேட்டார். முதியவர் சிரித்துவிட்டு, பயிற்சி என்றால் என்னவென்று நீ இன்னும் அறியவில்லை என்ற பொருள்படச் சொல்லிப் போய்விட்டாராம். இரவு தங்கும்படி டோகென் வேண்டியும் கேட்கவில்லை. மறுநாள் சமையல் காத்திருந்தது.

மீன் உண்பவர்க்கும் கியோட்டோவில் தனிச்சுவை உண்டு. கடலிலிருந்து தொலைவான ஊர் அது. வடக்கே வாக்காசாக் கடற்கரையிற் பிடித்த கானாங்கெளுத்தி இனத்து மீனை உப்பிட்டு, மலைவழியே சுமந்து வருவார்கள். ஊர் வந்து சேரும்போது உப்பு அளவாக ஊறியிருக்கும். அதனைப் புளிக்காடியிட்ட சோற்றின்மேல் வைத்து அழுத்திச் செய்வதே இவ்வூர்ச் சுஷி. மீன் சுமந்த வழிக்கு இன்றும் ‘கானாங்கெளுத்திச் சாலை’ என்ற பொருளில் பெயர் வழங்குகிறது.

உண்ணுமுன் ‘இதடாகிமாசு’ என்பார்கள். பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன் என்பது பொருள். உண்ணும் குச்சிகளைச் சோற்றில் நிமிர்த்திக் குத்தி வைக்கலாகாது. அது இறந்தோர்க்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றலாகாது. எரியூட்டியபின் எலும்பை எடுப்பது அவ்வாறே. இனாம் வைக்கும் வழக்கம் அங்கில்லை. மேசைமேல் விட்டுவந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணிப் பின்னால் ஓடிவந்து கொடுப்பார்கள்.

மாலைப் பொழுதிற்கு ஒசாக்கா. அரைமணி நேர இரயில் பயணம். அங்கே 1984இல் திறக்கப்பட்ட தேசிய புன்ராக்கு அரங்கில் பொம்மலாட்டம் நடைபெறும். குழந்தைகளுக்கான வேடிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். காதலும் கடமையும் மோதும் துன்பியல் நாடகங்கள் அவை. ஒரு பொம்மையை மூவர் இயக்குகின்றனர். தலையையும் வலக்கையையும் ஒருவர், இடக்கையை ஒருவர், கால்களை ஒருவர். கால் ஆட்டுவதற்குப் பத்தாண்டு, இடக்கைக்குப் பத்தாண்டு பயின்றபின்பே தலைமை ஆட்டக்காரர் ஆகலாம் என்பது மரபுரை. பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் கால்களே கிடையா. ஆடையின் கீழ்விளிம்பைக் கையால் அசைத்தே நடப்பது போலவும் மண்டியிடுவது போலவும் காட்டிவிடுகிறார் அந்தக் கால் ஆட்டக்காரர். அவர் முகத்தைக் கருந்துணி மூடியிருக்கும். பத்தாண்டு உழைக்கும் அவரைக் கூட்டத்தில் எவரும் அறியார்.

இனிக் கியோட்டோவின் கியோன் என்னும் பகுதி. பெயரைக் கேளுங்கள்: புத்தருக்கு அநாதபிண்டிகர் அளித்த ஜேதவன விகாரத்திற்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் பெயரிலிருந்து வந்தது. 869இல் கொள்ளைநோய் பரவியபோது தொடங்கிய விழா ஒன்று ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் இங்கு நடைபெறுகிறது. பெருந்தேர்களின் சக்கரத்திற்கு அடியில் மூங்கிற் பட்டைகளைப் பரப்பி, நீர் தெளித்து, சறுக்கித் திருப்புவார்கள். தேர்களை அணிசெய்யும் பழந்துணிகளுள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற கம்பளங்களும் வண்ணத் துணிகளும் உண்டு.

அந்தப் பகுதியில் ஆடலும் இசையும் பயிலும் இளம்பெண்களை மைக்கோ என்பர். அவர்கள் மாலையில் விருந்து மனைகளுக்கு நடந்து செல்வர். அவர்களை வழிமறித்தும், ஆடையைப் பற்றி இழுத்தும் படம் பிடித்த பயணிகள் பலர். பொறுத்துப் பார்த்த மக்கள், 2024இல் அங்குள்ள தனியார் சந்துகளில் பயணிகள் நுழையக்கூடாது என்று பலகை வைத்தார்கள். மீறினால் 10,000 யென் தண்டம். அவ்வாண்டில் ஜப்பானுக்கு வந்த அயல்நாட்டார் தொகை 3 கோடியே 68 இலட்சத்திற்கு மேல். நகரப் பேருந்துகளில் மூட்டை முடிச்சுகளோடு பயணிகள் நிறைந்துவிட, மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர்கள் ஏற இடமின்றி நின்றார்கள். அதனால் நகராட்சி, பேருந்துக்கான ஒருநாட் சீட்டு விற்பதையே 2023இல் நிறுத்திவிட்டது. கியோட்டோ காட்சிச்சாலை அன்று. ஏறத்தாழ 14 இலட்சம் மக்கள் வாழும் ஊர். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு நடக்கலாம், விடியற்காலையில் செல்லலாம், பெண்ணொருத்தி வேலைக்குச் செல்லும்போது ஒதுங்கி வழிவிடலாம். இதற்குப் பலகை வேண்டியதில்லை.

நாராவிற்குப் புறப்படுமுன் சஞ்சூசான்கென்தோ என்னும் நீண்ட மண்டபத்தைக் காணத் தவறாதீர்கள். அவலோகிதேசுவரர் அங்கே கண்ணோன் என்ற பெயரில் 1001 திருவுருவங்களாக அணிவகுத்து நிற்கிறார். 1249இல் மண்டபம் எரிந்தபோது 124 சிலைகள் காப்பாற்றப்பட்டன. எஞ்சியவற்றைப் பதினாறு ஆண்டு உழைத்துச் செதுக்கினார்கள். அவற்றின் முன்வரிசையில் காவல் தெய்வங்கள் இருபத்தெண்மர். பிரமன், இந்திரன், நாராயணன் என்று நமக்குப் பழகிய பெயர்கள்! கருடன் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு நிற்கிறான். உள்ளே படம் பிடிக்க இசைவில்லை. நல்லதாயிற்று, கண்ணால் பார்க்கலாம்.

நாராவில் இரயிலை விட்டு இறங்கினால் இரண்டு கூட்டங்கள் எதிர்ப்படும். ஒன்று மான்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஊரின் பூங்காவில் உரிமையோடு உலவுகின்றன. 1957இல் அவை இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அவற்றுக்கென விற்கும் தட்டையைக் காட்டினால் தலைதாழ்த்தி வணங்கும்; கொடுக்கத் தாமதித்தால் முட்டும். மற்றொன்று பள்ளி மாணவர்கள். ஜப்பானியப் பள்ளிகளில் கல்விப் பயணம் என்பது பாடத்தின் ஒரு பகுதி. 1886இல் டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கி வைத்த வழக்கம் அது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இதனைச் சொல்வதில் எனக்கு ஒரு சிறு பெருமை. அம்மாணவர்களைப் பின்தொடர்ந்தால் தோடாய்ஜி கோயிலுக்குச் சேர்வீர்கள்.

15 மீட்டர் உயர்ந்த வெண்கலப் புத்தர் அங்கே வீற்றிருக்கிறார். மண்டபம் 1180இலும் 1567இலும் எரிந்தது. இன்றுள்ளது 1709இல் எழுந்தது. பழையதினும் அகலத்தில் மூன்றிலொரு பங்கு குறைந்தும், இவ்வளவு பெரியது. தூண் ஒன்றின் அடியில் துளை உண்டு; புத்தரின் மூக்குத் துளையின் அளவு என்பார்கள். பிள்ளைகள் அதனுள் நுழைந்து வெளிவருவார்கள்.

752ஆம் ஆண்டு இச்சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. 736இல் சீனம் வழியாக ஜப்பான் வந்தவர். அவர் மறைந்தபின் மாணாக்கர் எழுதிய நினைவுரை அவரைத் தென்னிந்திய அந்தணத் துறவி என்று குறிக்கிறது. அவரோடு வந்த சம்பா நாட்டுத் துறவி ஒருவர் ஆடலும் இசையும் கற்பித்தார். கண் திறக்கும் விழாவில், போதிசேனர் ஏந்திய பெருந்தூரிகையில் நீண்ட நீலக் கயிறு கட்டப்பட்டிருந்தது. பேரரசர் குடும்பத்தாரும் கூடியிருந்தோரும் அக்கயிற்றைப் பற்றி நின்றனர். கண்ணை எழுதியது எல்லாருடைய கையும் ஆயிற்று.

அக்கோயிலின் பின்புறம் ஷோசோயின் என்னும் மரக் களஞ்சியம் உள்ளது. பேரரசர் ஷோமு மறைந்தபின் 756இல் அவர் மனைவி கோமியோ அவருடைய உடைமைகளைப் புத்தருக்குக் காணிக்கையாக்க, அவற்றோடு தொடங்கிய கருவூலம் அது. ஒட்டகத்தின்மேல் அமர்ந்து ஒருவன் யாழ் போன்ற கருவியை மீட்டும் உருவத்தை முத்துச்சிப்பியால் இழைத்த ஐந்து நரம்புக் கருவி ஒன்று அங்கே இருக்கிறது. இந்தியாவிலே தோன்றிய வகைக் கருவி என்பர். களஞ்சியத்துள் நாம் நுழைய முடியாது. ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் தொடங்கி, இரண்டு வாரங்களுக்குச் சற்று மேலாக, சில பொருள்களை மட்டும் நாரா தேசியக் காட்சிச்சாலையில் வைப்பார்கள். நாராவிற்குச் செல்ல அதுவே ஏற்ற காலம். மேப்பிள் மர இலைகளும் அப்போது சிவக்கத் தொடங்கியிருக்கும்.

போதிசேனர் ஏந்திய தூரிகையும், அந்த நீலக் கயிறும் அக்கருவூலத்தில் உள்ளன. 1180இல் கோயில் எரிந்து, புத்தரின் தலையும் கைகளும் உருகி வீழ்ந்தன. ஐந்தாண்டு உழைத்துச் சிலையை மீட்டெடுத்தார்கள். 1185இல் மீண்டும் கண் திறக்கவேண்டி வந்தபோது, முடிதுறந்த பேரரசர் கோ-ஷிரகாவா புதுத் தூரிகை கேட்கவில்லை. களஞ்சியத்தைத் திறந்து, 433 ஆண்டுகளுக்கு முன் அத்துறவி பிடித்த அதே தூரிகையை எடுத்துவரச் செய்தார்; சாரமேறி, அதனாலேயே கண்ணை எழுதினார்; எழுதி முடித்தபின் அதனைப் பழைய இடத்திலேயே வைக்கச் செய்தார்.